மிதித்தால் ஒரு சத்தம், விட்டால் ஒரு சத்தம்

1948-ல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர், சேற்றுக்கும் மலைக்கும் என்றே பிறந்த வண்டி. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபுவுக்கு, ஐம்பதுகளில் செய்த லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயணிகளை ஏற்றிச் சென்றிருக்கின்றன. இந்த வயதுள்ள வண்டியில் கிளட்ச் தகராறு செய்தால், நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரைத் தேட மாட்டார். சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார், விடுவார், மறுபடி பாதி மிதிப்பார். கோளாறு இருப்பது மூடிய பெல் ஹவுசிங்குக்குள்ளே. அதைத் திறக்காமலே உள்ளே எது கெட்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

கிளட்ச்சுக்கு இரண்டு வேலைதான்: பிடிக்க வேண்டும், விட வேண்டும். எஞ்சினோடு எப்போதும் சுற்றும் ஃப்ளைவீலுக்கும் ஸ்பிரிங்கின் பலத்தால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் மாட்டிக்கொண்டிருக்கிறது. அது கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டில் கோத்திருக்கும். பெடலை மிதித்தால் பிடி தளர்கிறது. எஞ்சின் தனி, சக்கரம் தனி. பிடிக்காமல் வழுக்கினால் ஒரு வகைக் கோளாறு. விடாமல் ஒட்டினால் நேர் எதிர் வகை. எந்த வகை என்று தெரியாமல் கை வைத்தால் காசும் போகும், ஒரு நாள் உழைப்பும் போகும்.

வழுக்கல் முதலில் தலைகாட்டுவது டாப் கியரில், ஏற்றத்தில். ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி வேகம் எடுக்காது. கூடவே கருகல் வாடை வரும். எஞ்சினிலிருந்து 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரும்போது, ஃப்ளைவீலுக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் இடையே நிமிடத்துக்கு 2,000 சுற்று வித்தியாசம் இருந்தால், வீணாகி வெப்பமாகும் திறன் சுமார் 21 கிலோவாட். வாளித் தண்ணீர் சுடவைக்கும் ஆயிரம் வாட் ஹீட்டர்கள் இருபதை அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒரே நேரத்தில் போட்டது மாதிரி. ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை மேட்டில் நிறுத்தி வைக்கும் பழக்கம் ஏன் பிளேட்டைத் தின்கிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். மேட்டில் கிளட்ச்சை வதைக்காமல் மெல்ல ஊர்வதற்காகத்தான் கியர் பாக்ஸின் பின்னாலுள்ள ட்ரான்ஸ்ஃபர் கேஸில் லோ ரேஞ்ச் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த லீவரைத் தொட நிறையப் பேருக்குச் சோம்பல்.

சோதனை எளிது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரைப் போட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி கிளட்ச்சை மெல்ல விட வேண்டும். எஞ்சின் நின்றுவிட்டால் பிளேட் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. பழைய லேண்ட் ரோவரில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் இருக்கிறது. அதனால் இந்தச் சோதனைக்குத் தோதான வண்டி. ஒரு தடவை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நன்றாக இருந்த பிளேட்டும் கருகிவிடும்.

வழுக்குவதாலேயே பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. எண்ணெய் பட்டிருக்கலாம். ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியில் மரை போட்ட ஒரு ஓட்டை உண்டு. ஆற்றைக் கடக்கும்போது மட்டும் அதை ஒரு பிளக்கால் அடைத்துவிட்டு, கரையேறியதும் கழற்றிவிட வேண்டும். அந்த ஓட்டையில் சொட்டும் எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தால் மீதிக் கதை தெரியும். கறுத்து நீர்த்திருந்தால் எஞ்சின் ஆயில், கிராங்க்கின் பின் சீல் போயிருக்கிறது. கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில், கியர் பாக்ஸின் முன் சீல் கசிகிறது. ஊற்றைக் கண்டுபிடிக்காமல் புது பிளேட் போட்டால் அதுவும் நனையும்.

ஒட்டிக்கொள்ளும் கோளாறைக் காட்டிக்கொடுப்பது ரிவர்ஸ் கியர். பல் அரைக்காமல் கியர் விழ உதவும் சிங்க்ரோமெஷ் அதற்குக் கிடையாது. 1971-ல் வந்த சீரிஸ் 3-இல் முன்னோக்கிய நாலு கியருக்கும் வந்தபோதும் ரிவர்ஸுக்கு வரவில்லை. பெடலை முழுக்க மிதித்து, சில நொடி பொறுத்து, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று பல் அரைத்தால் ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது என்று பொருள். பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் செய்ததும் கியர் விழுந்தால் பிளேட் மேல் பழியில்லை. சீரிஸ் 2 முதல் உள்ள ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாஷர் தளர்ந்திருக்கும். திரவத்தை அழுத்த முடியாது, காற்றை அழுத்தலாம். மிதித்த மிதியெல்லாம் அதிலேயே போய்விடும். காற்றுதான் காரணம் என்றால் ஏர் எடுத்துவிட்டால் சரி. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் வேறு கதை. பிளேட் துருவோடு ஃப்ளைவீலில் அப்பியிருக்கும். எஞ்சினைச் சுடவைத்து அணைத்துவிட்டு, திறந்த வெளியில் லோ ரேஞ்ச்சில் கியர் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் வண்டி நகரத் தொடங்கும். ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் மாறி மாறிக் கொடுத்தால் பல சமயம் விட்டுவிடும். எதிரே சுவரோ ஆளோ இருக்கக் கூடாது.

இனி சத்தம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நியூட்ரலில், பெடல் மேலே இருக்கும்போது எஞ்சினும் இன்புட் ஷாஃப்ட்டும் ஒன்றாகச் சுற்றுகின்றன. அப்போது உறுமல் கேட்டு, மிதித்துச் சிறிது நேரத்தில் அடங்கினால் குற்றவாளி இன்புட் ஷாஃப்ட் பேரிங். லேசாக மிதித்ததுமே கீச்சென்று ஆரம்பித்தால், பெடலின் விசையைப் பிரஷர் பிளேட்டுக்குக் கொண்டுபோகும் ரிலீஸ் பேரிங். அதன் மேல் பாரம் விழுவதே அப்போதுதான். முழுக்க மிதித்து, கியரும் போட்டு, வண்டி நிற்கும்போது மட்டும் சத்தம் வந்தால்? அந்த நிலையில் ஷாஃப்ட் நிற்கிறது, கிராங்க் சுற்றுகிறது. ஷாஃப்ட்டின் நுனி கிராங்க்குக்குள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உள்ள கட்டைவிரல் பருமன் பைலட் புஷ்தான் தேய்கிறது. எது எதோடு சேர்ந்து சுற்றுகிறது என்று யோசித்தாலே பேரிங்கின் பெயர் வந்துவிடுகிறது.

கோளாறு உள்ளேதான் என்று தெரிந்தபின் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். லேண்ட் ரோவரில் கியர் பாக்ஸ் கீழே இறங்குவதில்லை, மேலே ஏறுகிறது: தரைத் தகடுகளையும் சீட் பெட்டியையும் கழற்றி, கதவு வழியாக வெளியே தூக்குகிறார்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பைலட் புஷ்ஷைப் பிடித்து இழுக்க விளிம்பு கிடையாது. குருட்டுத் துளைக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். அதன் ஓட்டை நிறையக் கிரீஸ் திணித்து, அதே அளவுக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியைச் செருகிச் சுத்தியலால் தட்டுகிறார்கள். கம்பி உள்ளே போகப் போக, போக இடமில்லாத கிரீஸ் புஷ்ஷின் பின்பக்கத்தை நெட்டுகிறது. உள்நோக்கி அடிக்கிறோம், புஷ் வெளிநோக்கி வருகிறது. பெடலிலிருந்து, கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டருக்கு விசையைக் கொண்டுபோகும் அதே பாஸ்கல் விதிதான் இங்கேயும் வேலை செய்கிறது. புது வெண்கலப் புஷ்ஷை எஞ்சின் ஆயிலில் ஊறவைத்து அடித்து ஏற்றி, பிளேட்டை நடுமையத்தில் நிறுத்தி பிரஷர் பிளேட்டை முடுக்க வேண்டும். மையம் ஒரு நூல் தவறினாலும், கயிற்றில் தொங்கும் கியர் பாக்ஸ் எவ்வளவு தள்ளினாலும் உள்ளே போய் உட்காராது.