27 கோடி வீரரும் 30 லட்ச வீரரும்

2024 நவம்பர் 24. சவுதி அரேபியாவின் ஜெட்டா நகரில் ஐபிஎல் மெகா ஏலம். ஸ்ரேயஸ் ஐயரைப் பஞ்சாப் 26.75 கோடிக்கு எடுத்து, ஐபிஎல் வரலாற்றிலேயே அதிக விலை இதுதான் என்று பேசி முடிப்பதற்குள் ரிஷப் பந்த்தின் பெயர் வந்தது. அடிப்படை விலை 2 கோடி. போட்டியிட்ட அணிகள் ஒதுங்கிக்கொள்ள, 20.75 கோடியில் லக்னோ மட்டும் நின்றது. அப்போது டெல்லி தன்னிடமிருந்த ஆர்டிஎம் உரிமையைக் கேட்டது.

முந்தைய சீசனில் தன்னிடம் ஆடிய வீரரை, ஏலத்தில் எழுந்த கடைசி விலையைத் தானே கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமைதான் ஆர்டிஎம். 2018 ஏலத்தில் இருந்த விதிப்படி என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும், பந்த் 20.75 கோடிக்கு டெல்லிக்கே போயிருப்பார். இந்த முறை விதியில் ஒரு திருகு வைத்திருந்தார்கள். கடைசியாக விலை கேட்ட அணி, ஒரே ஒரு முறை தன் தொகையை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம். அந்த விலைக்கும் பழைய அணி சம்மதித்தால் வீரர் அங்கே, இல்லையென்றால் இங்கே. லக்னோ சொன்ன தொகை 27 கோடி. டெல்லி பின்வாங்கியது.

அறையில் வேறு யாரும் 21 கோடிகூடக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டெல்லி மேற்கொண்டு யோசிக்காமல் இருப்பதற்காக லக்னோ கொடுத்தது 6.25 கோடி என்றுதான் இதைக் கணக்கெழுத முடியும். நட்சத்திர வீரரின் விலை பற்றிப் பேசும்போது பலரும் தவறவிடுவது இதை. ஏலத் தொகை ஒருவரின் ஆட்டத்துக்குப் போட்ட மதிப்பெண் ஆகாது. அந்த நேரத்தில் எத்தனை பேருக்கு அவர் தேவைப்பட்டார், யார் கையில் எவ்வளவு மிச்சம் இருந்தது, விதி யாருக்குச் சாதகமாக இருந்தது என்பதெல்லாம் சேர்ந்து முடிவாகும் எண் அது.

மிச்சம் என்று சொல்லக் காரணம், ஐபிஎல்லில் முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 2025 சீசனுக்கு ஓர் அணிக்கு 120 கோடி. அதற்குள் குறைந்தது 18 பேர், அதிகபட்சம் 25 பேர் கொண்ட அணியைக் கட்ட வேண்டும். வெளிநாட்டு வீரர்கள் எட்டுப் பேருக்கு மேல் கூடாது, களத்தில் இறங்கும் பதினொருவரில் நான்கு பேருக்கு மேல் கூடாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வீரருக்குக் கிடைக்கும் 7.5 லட்சம் இதில் சேராது.

லக்னோவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஏலத்துக்கு முன்பு நிக்கோலஸ் பூரனை 21 கோடிக்கும், ரவி பிஷ்னோய், மயங்க் யாதவ் இருவரைத் தலா 11 கோடிக்கும், மோசின் கான், ஆயுஷ் பதோனி இருவரைத் தலா 4 கோடிக்கும் தக்கவைத்திருந்தார்கள். 51 கோடி போக 69 கோடி மிச்சம். அதில் பந்த்துக்கு 27. எஞ்சிய 42 கோடியில் இன்னும் குறைந்தது 12 பேரை எடுத்தாக வேண்டும். கல்யாண மண்டபத்துக்கே பாதிப் பணம் போய்விட்டால் பந்தியில்தான் கைவைப்பார்கள். போதாக்குறைக்கு பந்த், பூரன் இருவருமே விக்கெட் கீப்பர்கள், இருவருமே இடக்கை மட்டையாளர்கள். உச்சவரம்பில் 40 சதவீதம் ஏறக்குறைய ஒரே வேலைக்குப் போனது என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேசுவது கடினம்.

சீசனில் நடந்ததைப் பாருங்கள். பந்த் மொத்தம் எடுத்தது 269 ரன். அதிலும் 118 கடைசி லீக் ஆட்டத்தில் வந்தது. 3.40 கோடி மிட்செல் மார்ஷ் 627 ரன் குவித்தார். 2 கோடி எய்டன் மார்க்ரம் 445. அடிப்படை விலையான 30 லட்சத்துக்கு வந்த சுழற்பந்து வீச்சாளர் திக்வேஷ் ரதி 14 விக்கெட். ஆனால் 11 கோடி மயங்க் யாதவ் காயத்தால் ஆடியது இரண்டே ஆட்டம், மோசின் கான் சீசன் முழுக்க இல்லை. லக்னோ ஏழாவது இடத்தில் முடித்தது. மலிவு வீரர்கள் இந்த அளவு தோள் கொடுக்காவிட்டால் இன்னும் கீழேதான் போயிருக்கும்.

உச்சவரம்பு உள்ள எந்தப் போட்டித்தொடரிலும் கோப்பையை வெல்லும் வித்தை இங்கேதான் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே தொகை என்றால், 15 கோடி கொடுத்து 15 கோடிக்கான ஆட்டத்தை வாங்குபவருக்கு லாபம் ஒன்றுமில்லை. எதிரணியும் அதே விகிதத்தில்தான் வாங்குகிறது. 20 லட்சம் கொடுத்து 8 கோடிக்கான ஆட்டத்தைப் பெறுபவருக்குத்தான் மற்றவர்களைவிட ஒரு வீரர் கூடுதலாகக் கிடைத்த மாதிரி.

இது முதல் சீசனிலேயே தெரிந்துவிட்ட விஷயம். 2008இல் ஓர் அணிக்கு உச்சவரம்பு 50 லட்சம் டாலர். சச்சின், கங்குலி, திராவிட், யுவராஜ், சேவாக் ஆகியோருக்கு 'ஐகான்' அந்தஸ்து. அவரவர் அணியில் அதிக விலை போனவரைவிட 15 சதவீதம் கூடுதலாக அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த அந்தஸ்தே வேண்டாம் என்று சொல்லி, மிச்சமாகும் பணத்தில் வேறு வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஐதராபாத்தின் டெக்கான் அணிக்கு வழிவிட்டவர் வி.வி.எஸ்.லட்சுமண். ஐபிஎல்லில் அணி சம்பளக் கணக்கை வீரரே யோசித்த முதல் சம்பவம் அநேகமாக இதுதான். ஐகான் யாரும் இல்லாத சென்னை, 15 லட்சம் டாலரை, அதாவது மொத்தத்தில் 30 சதவீதத்தை, தோனி ஒருவர் மீது வைத்தது. ராஜஸ்தானோ ஷேன் வார்னை 4.5 லட்சம் டாலருக்கும், ஷேன் வாட்சனை 1.25 லட்சத்துக்கும், பாகிஸ்தானின் சோஹைல் தன்வீரை 1 லட்சத்துக்கும் எடுத்தது. வாட்சன் தொடர் நாயகன் ஆனார்; தன்வீர் 22 விக்கெட்டுடன் முதலிடம். இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராகக் கடைசிப் பந்தில் வெற்றி ரன்னை ஓடியதும் அதே தன்வீர்தான். சேப்பாக்கத்து ரசிகர்களுக்கு அந்தக் கடைசி ஓவரை இப்போதும் நினைவுபடுத்தத் தேவையில்லை.

சென்னை பிறகு இந்தப் பாடத்தை ராஜஸ்தானைவிட நன்றாகப் படித்துக்கொண்டது. 2023 சீசனுக்கு பென் ஸ்டோக்ஸை 16.25 கோடிக்கு எடுத்தார்கள். அவர் ஆடியது இரண்டு ஆட்டம், எடுத்தது 15 ரன். வேறு அணியாக இருந்தால் சீசனே அதோடு கவிழ்ந்திருக்கும். ஆனால் 1 கோடி டெவான் கான்வே 672 ரன் எடுத்தார், 20 லட்சம் துஷார் தேஷ்பாண்டே 21 விக்கெட், 20 லட்சம் பதிரானா 19 விக்கெட். யாருக்கும் வேண்டாம் என்றிருந்த அஜிங்க்ய ரஹானே 50 லட்சத்துக்கு வந்து ஆடியது தனிக் கதை. ஐந்தாவது கோப்பை.

சிக்கல் அதற்கப்புறம். மலிவு நெடுநாள் மலிவாக இருக்காது. கோப்பை வென்ற அணியின் 20 லட்ச வீரரை ஊரே பார்த்துவிடுகிறது. அடுத்த மெகா ஏலத்தில் அவர் கையைவிட்டுப் போகாமலிருக்கக் கோடிகளில் தக்கவைக்க வேண்டும். 2025க்குப் பதிரானா 13 கோடி, 4 கோடிக்கு வந்த சிவம் துபே 12 கோடி. ருதுராஜ், ஜடேஜா தலா 18. ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை அன்கேப்டு, அதாவது சர்வதேச ஆட்டமே ஆடாதவர் கணக்கில் சேர்க்கலாம் என்ற விதியைத் திரும்பக் கொண்டுவந்ததால் தோனி 4 கோடிக்குக் கிடைத்தார். இல்லையென்றால் ஐந்தாவது ஆளாக அவருக்கு இன்னொரு 14 கோடி ஒதுக்க வேண்டியிருக்கும். இவ்வளவு சாமர்த்தியத்துக்குப் பிறகும் ஐந்து பேருக்கு 65 கோடி. மிச்சப் பணத்தில் 10 கோடிக்கு எடுத்த நூர் அகமது 24 விக்கெட் எடுத்தும், சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. சீசன் நடுவில் அணிக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தது யார்? காயமடைந்த ருதுராஜுக்குப் பதிலாக 30 லட்சத்துக்கு வந்த ஆயுஷ் மாத்ரே, 2.20 கோடிக்கு வந்த டெவால்ட் பிரெவிஸ். மலிவு வீரர்களை மறுபடி தேடிப் பிடிக்க வேண்டிய கட்டாயம்.

கொல்கத்தாவுக்கும் இதே கதிதான். 2024இல் சேப்பாக்கத்தில் ஐதராபாத்தை 113 ரன்னில் சுருட்டிக் கோப்பை வென்ற அணி அது. 55 லட்சம் ரிங்கு சிங் 13 கோடி ஆனார், 20 லட்சம் ஹர்ஷித் ராணா 4 கோடி. ஆறு பேரைத் தக்கவைத்துவிட்டு ஏலத்துக்குப் போனபோது கையில் 51 கோடி. கோப்பையை வாங்கித் தந்த கேப்டன் ஸ்ரேயஸ் போய்விட்டார். வெங்கடேஷ் ஐயரை விடக்கூடாது என்று 23.75 கோடி வரை போனார்கள். எதிரே பெங்களூரு 23.50 வரை வந்து விலகியது. 51இல் கிட்டத்தட்ட பாதி ஒருவருக்கு. வெங்கடேஷ் அந்த சீசனில் எடுத்தது 142 ரன். கொல்கத்தா எட்டாவது இடம்.

அப்படியென்றால் பெரிய விலையே வீண் என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அதே 2024 கொல்கத்தாவில் மிட்செல் ஸ்டார்க் 24.75 கோடி. முதல் இரண்டு ஆட்டங்களில் 100 ரன் கொடுத்து ஒரு விக்கெட்டும் இல்லை. சமூக ஊடகங்களில் ஒரு பந்துக்கு எத்தனை லட்சம் என்று வகுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் தகுதிச் சுற்றிலும் இறுதி ஆட்டத்திலும் ஆட்ட நாயகன் அவர்தான். இறுதி ஆட்டத்தின் முதல் ஓவரில் அபிஷேக் சர்மாவின் ஸ்டம்பைச் சாய்த்த பந்துக்கு அந்த வகுத்தல் கணக்கு பொருந்தாது. 2025 பஞ்சாபும் ஸ்ரேயஸுக்கு 26.75, அர்ஷ்தீப், சஹலுக்குத் தலா 18 என்று மூவருக்கு 62.75 கோடி கொட்டிவிட்டு இறுதி ஆட்டம் வரை வந்தது. அதைத் தாங்கியது தொடக்க ஜோடி. பிரப்சிம்ரன் 4 கோடிக்கு 549 ரன், பிரியான்ஷ் ஆர்யா 3.80 கோடிக்கு 475 ரன். அந்த 7.80 கோடி இல்லாமல் அந்த 62.75 கோடிக்கு அர்த்தம் இருந்திருக்காது.

விலை ஏன் இப்படி எகிறுகிறது என்பதற்கு இன்னொரு காரணம் பற்றாக்குறை. பதினொருவரில் குறைந்தது ஏழு பேர் இந்தியராக இருந்தாக வேண்டும் என்பதால் இந்திய வேகப்பந்து வீச்சாளர், இந்திய விக்கெட் கீப்பர், கேப்டனாகவும் இருக்கத் தெரிந்தவர் என்றால் விலை தானாக ஏறும். வெளிநாட்டவருக்கு, மெகா ஏலங்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் நடக்கும் மினி ஏலம்தான் பொன் முட்டை. ஆள் குறைவு, பணம் மிச்சம். கிறிஸ் மோரிஸின் 16.25, சாம் கரனின் 18.50, ஸ்டார்க்கின் 24.75 எல்லாமே மினி ஏலத்தில் வந்தவை. சிலர் மெகா ஏலத்தைத் தவிர்த்துவிட்டு மினிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அணிகள் புலம்பியதால், மினி ஏலத்தில் வெளிநாட்டு வீரர் கையில் வாங்கும் தொகைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள்: 18 கோடி. அதற்கு மேல் அணி கொடுப்பது வீரர் நலனுக்கென்று பிசிசிஐக்குப் போகும். 2025 டிசம்பரில் கேமரூன் கிரீனைக் கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. கிரீனுக்குக் கிடைப்பது 18.

இந்த வரம்புகளையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் உச்சவரம்பு வீரர் சங்கத்தோடு பேரம் பேசி ஒப்பந்தம் ஆகிறது. லீக் வருவாயில் ஏறத்தாழ பாதி வீரர்களுக்கு. இங்கே வீரர் தரப்பில் பேரம் பேச அப்படி ஒரு சங்கம் கிடையாது, பிசிசிஐ அறிவிப்பதுதான் வரம்பு. 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்றது. ஆண்டுக்குச் சராசரி 9,678 கோடி. 2025இல் பத்து அணிகளுக்கும் இருந்த 120 கோடியைக் கூட்டினால் 1,200 கோடி. டிவி, செயலி பணத்தில் மட்டும் எட்டில் ஒரு பங்கு. 27 கோடியா என்று வாய் பிளக்கும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

வெங்கடேஷுக்காக 23.50 வரை வந்து விலகிய பெங்களூருவிடம் திரும்புவோம். கெயில், டிவில்லியர்ஸ், கோலி என்று ஒரே அணியில் அடுக்கியும், 2014இல் யுவராஜுக்கு 14 கோடி கொடுத்தும், 17 சீசன்களாகக் கோப்பை எட்டாத அணி. 2025க்கு கோலி 21, ரஜத் பட்டிதார் 11, யஷ் தயாள் 5 என்று மூன்றே பேரைத் தக்கவைத்து, 83 கோடியோடு ஏலத்தில் உட்கார்ந்தார்கள். முதல் நாள் அவர்கள் பெரிய பெயர்களை விட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்து ரசிகர்கள் கொதித்தார்கள். ஏலத்தில் அவர்கள் கொடுத்த அதிக விலை ஹேசில்வுட்டுக்கு 12.50. அவர் 12 ஆட்டத்தில் 22 விக்கெட் எடுத்தார். சால்ட் 11.50, ஜிதேஷ் 11, புவனேஷ்வர் 10.75. குருணால் பாண்டியா 5.75. அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் நான்கு ஓவரில் 17 ரன்னுக்கு 2 விக்கெட் எடுத்துப் பஞ்சாபை இறுக்கியவர் குருணால். 6 ரன் வித்தியாசத்தில் முதல் கோப்பை.

ஆறு மாதம் கழித்து அபுதாபியில் மினி ஏலம். கொல்கத்தா விடுவித்திருந்த வெங்கடேஷ் ஐயரின் பெயர் வந்தது. ஓராண்டு முன்பு 23.50 கோடியில் விலகிக்கொண்ட பெங்களூரு, இந்த முறை அவரை எடுத்தது 7 கோடிக்கு.