நாம் அறியாத நெடுந்தீவு

தமிழ்ப் பத்திரிகை வாசிக்கும் பழக்கமுள்ள எவருக்கும் நெடுந்தீவு என்ற பெயர் புதிதன்று. நெடுந்தீவு அருகே இராமேசுவரம் மீனவர்கள் கைது என்ற செய்தியை நாமே எத்தனை முறை பிரசுரித்திருக்கிறோம் என்று எண்ணிச் சொல்ல இயலாது. ஆயினும் அப்பெயர் நமக்கு ஒரு கடற்பரப்பின் அடையாளமாக மட்டுமே இருந்துவந்தது. அங்கே ஜனங்கள் குடியிருக்கின்றனர், பள்ளிக்கூடமும் கோயிலும் உண்டு, அவர்களும் வலை வீசித்தான் ஜீவனம் செய்கின்றனர் என்ற எண்ணம் ஒருநாளேனும் நமது சிந்தையில் உதித்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

நாம் வசிக்கும் நூம்பல், ஒரு தலைமுறைக்கு முன்னர் வயலும் வரப்புமாக இருந்த கிராமம். இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரைச்சல் நள்ளிரவிலும் ஓய்வதில்லை. கோடையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டே பல வீடுகளில் பொழுது விடிகிறது. இத்தகைய இடத்தில் வாழ்பவனுக்கு நிசப்தத்தின்மேல் மோகம் பிறப்பது இயல்பு. யாழ்ப்பாணம் சென்று திரும்பிய நண்பர் ஒருவர், நெடுந்தீவைப் போன்ற அமைதியான இடத்தைத் தாம் கண்டதேயில்லை என்று ஓயாது புகழ்ந்ததைக் கேட்டு, நாமும் புறப்பட்டோம்.

பிரயாணம் இப்பொழுது கடினமன்று. மீனம்பாக்கத்துக்கும் பலாலிக்கும் 2019 நவம்பரில் தொடங்கிய விமானப் போக்குவரத்து, இடையே நின்றுபோய், 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று. யாழ்ப்பாண நகரம் உல்லாசப் பிரயாணிகளால் நிறைந்திருக்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையும், டச்சுக்காரர் விரித்துக் கட்டிய கோட்டையையும், 1981-ல் எரிக்கப்பட்டுப் பின்னர் புதுப்பிக்கப்பட்ட நூல் நிலையத்தையும் பார்த்துவிட்டு, பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்தோம். அங்கு வந்திறங்கும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் நாகபூஷணி அம்மனைத் தரிசிக்க எதிரேயுள்ள நயினாதீவுக்குப் படகேறிவிடுகின்றனர். நெடுந்தீவுக்குச் செல்பவர் சிலரே. நயினாதீவுக்குக் கால் மணி நேரம் போதும். நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் திறந்த கடலில் போகவேண்டும்.

நாம் ஏறிய படகின் பெயர் குமுதினி. அரிசி மூட்டை, சைக்கிள், எரிவாயு உருளை, கோழிக்கூடை இவற்றினிடையே நமக்கும் ஓர் இடம் கிடைத்தது. அருகே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி எங்கையிருந்து வாறியள்?" என்றார். சென்னை என்றோம். "குதிரை பாக்கவோ?" என்று கேட்டு, விடைக்குக் காத்திராமல் சிரித்துக்கொண்டார்.

அந்தப் படகைப் பற்றிப் பிறகு அறிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறோம். 1985-ஆம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த இதே குமுதினியை ஆயுதம் தாங்கிய சிலர் நடுக்கடலில் மறித்தனர். பெண்டிரும் குழந்தைகளுமாக இருந்த பிரயாணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றனர். மாண்டவர் 23 பேருக்குக் குறையார். தீவினர் கூறும் தொகை முப்பதுக்கும் மேல். வந்தவர்கள் கடற்படையினரே என்று உயிர் தப்பியவர்கள் சாட்சியம் கூறினர். எவரும் தண்டிக்கப்படவில்லை. நியாயஸ்தலத்தில் இருபது வருஷம் பழகிய நமக்கு, சாட்சி இல்லாமல் தோற்ற வழக்குகள் பல தெரியும். சாட்சிகள் உயிருடன் இருந்தும் விசாரணையின்றிப் போன வழக்கு மனத்தை வேறுவிதமாக உறுத்துகிறது. படகைப் பழுதுபார்த்து மீண்டும் ஓட்டினர். வேறு வழி என்ன? ஆண்டுதோறும் அத்தேதியில் நெடுந்தீவில் நினைவு அஞ்சலி செய்துவிட்டு, மறுநாள் ஜனங்கள் கடலைக் கடந்தே தங்கள் காரியத்துக்குப் போகிறார்கள்.

மாவிலித்துறையில் இறங்கியதும் நண்பர் சொன்ன அமைதி உண்மையென்று கண்டோம். சுமார் ஐம்பது சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள தீவில் ஐயாயிரம் பேருக்கும் குறைவாகவே வசிக்கிறார்கள். பனைகளும், வெயிலில் வெளுத்த வெளிகளும், சாந்து பூசாமல் பவளப் பாறைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரிகின்றன. அந்தக் கல்வேலிகளைப் போன்ற கைத்திறனை நாம் வேறெங்கும் கண்டதில்லை. பெருங்காற்றிலும் சரியாத அவ்வேலியை, ஒரு கல்லுக்கு அடுத்த கல் எது என்று பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருக்கவேண்டும். பவளக்கல்லால் கட்டிய பறங்கியர் காலத்துக் கோட்டையும் இடிந்து நிற்கிறது. பெருக்கு மரம் என்று அவர்கள் வழங்கும் ஆப்பிரிக்க மரமொன்று, ஆள் உள்ளே நுழையக்கூடிய பொந்துடன் இருக்கிறது. இராமநாதபுரம் ஜில்லாவிலும் இந்த ஜாதி மரம் உண்டு, அரபு வியாபாரிகள் கொணர்ந்தது என்று இரு கரையிலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். வெளியில் குட்டையான குதிரைகள் கூட்டமாக மேய்கின்றன. ஐரோப்பியர் ஆட்சியில் இங்கே வளர்க்கப்பட்டவற்றின் சந்ததிகள் அவை. மூதாட்டி சிரித்த குதிரைகள் இவைதாம். கோடை நீண்டால் தண்ணீரின்றி அவை மடிவதும் உண்டு. 2015-ல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டிருக்கிறது.

ஒல்லாந்தர் இப்பகுதித் தீவுகளுக்கெல்லாம் தங்கள் தேசத்து நகரங்களின் பெயரைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. மற்றவை மறைந்தொழிய, நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் இன்றளவும் இங்கிலீஷில் நிலைத்துவிட்டது.

இரண்டு நாள் தங்கினோம். முதல் நாள் நிசப்தம் அமிர்தமாக இருந்தது. இரண்டாம் நாள், அதன் மறுபக்கம் தெரியலாயிற்று. பூட்டிக் கிடக்கும் வீடுகள் அநேகம். யுத்த காலத்தில் போனவர்களில் பலர் கனடாவிலும் லண்டனிலும் குடியேறிவிட்டனர். கிணறுகளில் பல உவர் நீர். வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் பிரசவம் சிக்கலானாலோ மார்வலி கண்டாலோ யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகவேண்டும். மாலையில் கடைசிப் படகு போய்விட்டால், கிடைத்த படகை அமர்த்தவேண்டும். கடற்படையின் படகே வந்து நோயாளியை ஏற்றிச் செல்வதும் உண்டு. குமுதினியின் கதையைக் கேட்ட பிறகு இந்தச் செய்தியைக் கேட்டபோது, நமக்கு என்ன சொல்வதென்று விளங்கவில்லை. சொன்னவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்ற மூன்று தீவுகளுக்கும் சூரியனாலும் காற்றாலும் மின்சாரம் உண்டாக்கும் திட்டம் 2021-ல் ஒரு சீனக் கம்பெனிக்கு ஒப்படைக்கப்பட்டது. இந்திய சர்க்கார் ஆட்சேபித்தது. 2022-ல் நமது நன்கொடையில் அத்திட்டத்தை நிறைவேற்ற உடன்படிக்கை ஆயிற்று. இரண்டு வல்லரசுகள் தங்கள் ஊர் விளக்குக்காகப் போட்டியிட்டதைத் தீவினர் சற்றுப் பெருமையுடனேயே சொல்கின்றனர். இரவில் ஒரு நல்ல படகு ஓட்டுவதற்கும் அத்தகைய போட்டி ஏற்பட்டால் நலமாயிருக்கும்.

ஆனால் நாம் தலைகுனிய நேர்ந்தது கடற்கரையில்தான். ஐம்பது வயது மதிக்கத்தக்க மீனவர் ஒருவர் அறுந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாம் இந்தியாவிலிருந்து வந்தவர் என்றறிந்ததும் மரியாதையாக எழுந்து நின்று, பிறகு சொன்னார்: "ஐயா, உங்கட ஆக்களும் எங்கட ஆக்கள்தான். ஆனா உங்கட றோலர் வந்திட்டுப் போனா எங்களுக்கு வலை மிஞ்சாது."

றோலர் என்று அவர்கள் கூறுவது, கடலின் அடித்தரையை வாரி இழுக்கும் நமது இழுவைப் படகுகளை. இது வெறும் எல்லைத் தகராறு அன்று. இழுவை மடி மீனை மட்டும் அள்ளுவதில்லை. குஞ்சையும், பாசியையும், மீன் முட்டையிடும் தரையையும் சேர்த்தே அள்ளுகிறது. சுதந்திரத்துக்குப் பின்னர், இறால் ஏற்றுமதியால் வரும் அந்நியச் செலாவணியைக் கருதி இம்முறையை நமது சர்க்கார்களே ஊக்கி வளர்த்தன. நமது கரையோரத்தில் வளம் குன்றியபோது படகுகள் அக்கரையை நாடின. யுத்தம் முடிந்த 2009 வரை வடபகுதி மீனவர் தங்கள் கடலிலேயே தடையின்றித் தொழில் செய்ய முடியாதிருந்தனர். அவர்கள் இல்லாத கடலில் நமது படகுகள் பழகிவிட்டன. அவர்கள் திரும்பி வந்தபோது, நமது படகுகள் திரும்பிப் போகவில்லை. 2017-ல் இலங்கைப் பார்லிமெண்டு இழுவை மடியைச் சட்டத்தினால் தடுத்தது. நமது படகுகள் வரும் இரவுகளில் நெடுந்தீவார் வலையைக் கரையிலேயே வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

இங்கே கச்சத்தீவைப் பற்றிக் கேட்பவர் இருப்பர். 1974-ல் இந்திய சர்க்கார் விட்டுக்கொடுத்த அத்தீவு நெடுந்தீவுப் பிரிவின் நிர்வாகத்திலேயே அடங்கியது. அதை விட்டுக்கொடுத்த முறையைப் பற்றி நமது அபிப்பிராயத்தில் மாற்றமில்லை; தமிழ்நாட்டாரைக் கேளாமல் செய்தது அநியாயமே. நமது மீனவரைச் சுட்டதையும், படகுகளைப் பறித்து வைத்திருப்பதையும் கண்டித்து எழுதிய வார்த்தைகளில் ஒன்றையும் நாம் திரும்பப் பெறப்போவதில்லை. கைதாகிற கூலி மீனவன் படகுக்குச் சொந்தக்காரனல்லன் என்பதும் நமக்குத் தெரியும். ஆயினும் கச்சத்தீவு நமது கையில் இருந்தாலும், அதற்கப்பால் நெடுந்தீவுக் கரையில் அறுபடும் வலைக்கு நாம் என்ன பதில் சொல்வது? இந்தக் கேள்வியை நமது பத்திரிகை இதுவரை ஒரு முறையும் எழுப்பியதில்லை. ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறுவதற்குப் படகுக்காரருக்கு உதவும் திட்டம் 2017-ல் அறிவிக்கப்பட்டது. அது மந்தமாக நடப்பதைப் பற்றி ஒரு பத்தி எழுதினோமா என்று பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தோம். எழுதவில்லை.

திரும்பும் படகில் மூதாட்டியைக் காணவில்லை. நூம்பல் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் இரவு, காரியாலயத்தில் வழக்கமான செய்தி வந்தது: நெடுந்தீவு அருகே மீனவர் கைது, படகு பறிமுதல். உதவியாசிரியர் வழக்கமான தலைப்பை இட்டு நம்மிடம் கொணர்ந்தார். செய்தியில் தவறொன்றுமில்லை. அன்றிரவு அக்கரையில் எத்தனை வலைகள் அறுந்தன என்பது மட்டும் அதில் இல்லை. தலைப்பை மாற்றவில்லை, யாழ்ப்பாணத்துக்குப் பேசி அதையும் கேட்டுச் சேர்க்கும்படி சொன்னோம். பதில் வருவதற்குள் அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கிவிட்டது. பக்கத்தை நிறுத்தி வைத்தோம்.