கணிப்பொறிக்குள் அடுப்புச் சாம்பல்

வீடு மாறும்போது அம்மி, ஆட்டுக்கல் முதல் பழைய புகைப்படங்கள் வரை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றுகிறோம். அடுப்புச் சாம்பலை யாராவது மூட்டை கட்டுவார்களா? புது வீட்டில் அடுப்பு மூட்டினால் சாம்பல் தானே வந்துவிடும். கணிப்பொறியிலும் இப்படிப்பட்ட சாம்பல் உண்டு.

கணிப்பொறியின் வட்டு என்றாவது ஒரு நாள் பழுதாகலாம். ஆகவே அதில் உள்ளவற்றை வேறொரு வட்டில் படியெடுத்து வைக்கிறோம். இதுவே காப்புப் பிரதி. பேக்கப் என்றும் சொல்வார்கள். 'எல்லாவற்றையும் அப்படியே எடுத்துவிட்டால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம்.

விண்டோஸ் கணிப்பொறியின் சி வட்டில் ஹைபர்ஃபில்.சிஸ் என்ற மறைகோப்பு இருக்கும். கணிப்பொறியை 'ஹைபர்னேட்' முறையில் உறங்க வைக்கும்போது ரேம் நினைவகத்தில் உள்ளவை இதில்தான் எழுதப்படுகின்றன. வழக்கமாக இதன் அளவு ரேமில் சுமார் 40 விழுக்காடு. ரேம் 8 ஜிகாபைட் என்றால் இது 3.2 ஜிகாபைட்! மாறாத கோப்பாக இருந்தால் ஒரு முறை படியெடுத்தால் போதும். இதுவோ ஒவ்வொரு உறக்கத்திலும் மாறுகிறது. தினமும் ஒரு படி எடுத்துச் சேர்த்தால் 30 நாளில் 96 ஜிகாபைட் வீண். போதாக்குறைக்கு, ரேமில் இருந்த கடவுச்சொல்லும் அதனுடன் வெளியே போகக்கூடும்.

ரேம் போதாதபோது கைகொடுக்கும் பேஜ்ஃபைல்.சிஸ் கோப்பும் இதே இனந்தான். இவற்றைக் கணிப்பொறி தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும்.

லினக்ஸில் இன்னும் வேடிக்கை. அங்கே 'ப்ராக்' என்ற கோப்புறை வட்டில் இருப்பதே இல்லை. நாம் எட்டிப் பார்க்கும் கணத்தில் இயக்க அமைப்பு அதைக் காட்டுகிறது. அதிலுள்ள கேகோர் என்ற கோப்பு, நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் 64 பிட் கணிப்பொறிகளில், 128 டெராபைட் அளவு காட்டும்! விவரமறியாத நிரல் அதைப் படியெடுக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நல்ல காப்பு நிரல்கள் இவற்றைத் தாமே ஒதுக்கிவிடும். விண்டோஸும் 'இவை வேண்டாம்' என்று ஒரு பட்டியலைத் தன் ரெஜிஸ்ட்ரியில் வைத்திருக்கிறது. தொல்லை தொடங்குவது, நாமாக அந்தப் பட்டியலை நீட்டும்போதுதான்.

விண்டோஸில் 'ஆப்டேட்டா' என்றொரு கோப்புறை உண்டு. பெயரைப் பார்த்தால் குப்பை போலத் தோன்றும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் தற்காலிகக் கோப்புகள் இதற்குள் 'லோக்கல்' பகுதியில் இருக்கின்றன; அவை சாம்பல். ஆனால் நீங்கள் குறித்து வைத்த இணைய முகவரிகள் 'ரோமிங்' பகுதியில் இருக்கின்றன, அவை நெல். மொத்தமாக ஒதுக்கினால் நெல்லும் போய்விடும்.

இன்னொன்று பாருங்கள். 'டெம்ப்' என்ற எழுத்துகள் பெயரில் வரும் யாவற்றையும் விடு என்று ஆங்கிலத்தில் கட்டளை தருகிறீர்கள். அறிவியல் கண்காட்சிக்காகத் தினமும் வெப்பநிலை அளந்து 'டெம்பரேச்சர்' என்ற கோப்புறையில் எழுதி வைத்திருந்தால்? அதுவும் விடப்படும்! நிரல் எந்தப் பிழையும் சொல்லாது. வட்டு பழுதான அன்றுதான் உங்களுக்குத் தெரியவரும். அந்த வெப்பநிலையை எந்தக் கணிப்பொறியும் மறுபடி உண்டாக்கித் தராது.

ஆகவே ஒதுக்க வேண்டியதன் முழு முகவரியையும் எழுதுங்கள். பிறகு காப்புப் பிரதியிலிருந்து சில கோப்புகளை வேறொரு கோப்புறையில் மீட்டுத் திறந்து பாருங்கள். வட்டு நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.