உங்களுக்குத் தெரியுமா? அனுமதிக்கு ஆங்கிலத்தில் பல முகம்

"உங்க லோன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்று வங்கியிலிருந்து போன் வந்தால் வீட்டில் கொண்டாட்டம். அதே 'சாங்ஷன்' ஒரு நாட்டின் மேல் விழுந்தால் திண்டாட்டம்! 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் படையோடு புகுந்த ஈராக் மீது ஐ.நா. விதித்த பொருளாதாரத் தடைக்கும் 'சாங்ஷன்ஸ்' என்றுதான் பெயர். புனிதமாக்கி உறுதிசெய்வது என்பது இதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள். சட்டத்தை உறுதிசெய்வது ஒப்புதல். மீறினால் என்ன தண்டனை என்பதும் அதே சட்டத்தில்தானே இருக்கும்? சொல் இரண்டு பக்கமும் சாய்ந்துவிட்டது. வினைச்சொல்லாக வரும்போது இன்னும் வம்பு: அரசு ஒருவரை 'சாங்ஷன்' செய்தது என்றால் தடை, ஒரு திட்டத்தை 'சாங்ஷன்' செய்தது என்றால் அனுமதி. முன்னும் பின்னும் படித்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

வகுப்பு வாசலில் "கேன் ஐ கம் இன்?" என்று கேட்டால், "மே ஐ என்று கேள்" என்பார் ஆசிரியர். முடியுமா என்பதற்குக் 'கேன்', அனுமதிக்கு 'மே' என்பது அவர் கணக்கு. பழைய ஆங்கிலத்திலோ வலிமை, இயலுதல் எல்லாம் 'மே'யின் பொருள். 'கேன்' என்றால் 'தெரியும்'. இதை ஆசிரியரிடமே சொல்லிப் பார்ப்பது அவரவர் துணிச்சல்!

லைசென்ஸும், ஓய்வு நேரத்தைக் குறிக்கும் 'லெஷர்' என்ற சொல்லும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. சட்டவிரோதமான 'இல்லிசிட்' சரக்கும் அந்தக் குடும்பம்தான். எழுத்தில் ஒரு கவனம்: பிரிட்டிஷ் வழக்கப்படி லைசென்ஸ் பெயர்ச்சொல்லானால் கடைசியில் 'சி' வரும், வினைச்சொல்லானால் 'எஸ்'. அமெரிக்கர்களுக்கு இரண்டுக்கும் 'எஸ்'. நம் டிரைவிங் லைசென்ஸ் அட்டையில் இருப்பது 'சி'.

ஓட்டும் ஆளுக்கு லைசென்ஸ், வாடகைக்கு ஓடும் வண்டிக்கு பர்மிட். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இப்படித்தான் பிரிக்கிறது. சொந்த உபயோகத்துக்கான காருக்கு பர்மிட் தேவையில்லை.

'லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்' என்று மத்திய அரசின் கட்டுப்பாடுகளைக் கிண்டலடித்தவர் ராஜாஜி. அதை எதிர்க்கவே 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அவர் கிண்டலடித்ததில் ஆச்சரியமில்லை. அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ கேட்பதற்கே தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும்.