காணி கிடைத்தால் மட்டும் போதுமா?

தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களுடன் நாம் பேசும்போது முதலில் எழும் கேள்வி, "எங்கள் காணி எங்களுக்கு எப்போது?" என்பதே. நியாயமான கேள்வி. ஆனால் அதனுடன் இன்னொன்றையும் கேட்கவேண்டும். வீதி எங்கே, கிணறு எங்கே, சந்தை எங்கே, எந்த நிலம் எதற்கு என்று முடிவு செய்பவர் யார்? இதனையே இடஞ்சார் திட்டமிடல் என்கிறார்கள்.

பிற நாடுகள் கற்ற பாடம்

கிழக்கு ஐரோப்பாவில் சோசலிச ஆட்சிகள் வீழ்ந்தபின் கூட்டுப்பண்ணை நிலங்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அல்பேனியா 1991 இல் அவற்றைக் கிராமக் குடும்பங்களுக்கு ஆள்கணக்கில் பங்கிட்டது. நிலம் கைக்கு வந்தது. ஆனால் பொதுவான நீர்ப்பாசன வாய்க்கால்களுக்கும் இறைப்பு இயந்திரங்களுக்கும் பொறுப்பாளர் இல்லாமற் போயிற்று. அவற்றுட் பல சிதைந்தன. பல்கேரியா அதே ஆண்டில் பழைய உரிமையாளருக்கே நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இயற்றியது. அதற்குள் பலர் நகரவாசிகளாகிவிட்டனர். பிள்ளைகளிடையே துண்டுதுண்டாகப் பிரிந்த நிலங்களிற் பல தரிசாகக் கிடந்தன. உரிமையைத் திருப்பிக் கொடுப்பது ஒன்று, விவசாயத்தை மீட்பது வேறொன்று என்பதே இவை தரும் பாடம்.

நமது அனுபவம்

இலங்கையில் 1970 முதல் 1977 வரை இருந்த அரசு மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. யாழ்ப்பாண விவசாயி நல்ல விலை கண்டார். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிப் பொருள்கள் குவிய, விலை சரிந்தது. தோட்டக்காரர் எதைப் பயிரிட்டாலும், விலையைத் தீர்மானித்தது தொலைவில் எடுக்கப்பட்ட முடிவே.

தீவகத்திலோ நன்னீர் குறைவு. ஆகவே பல குடும்பங்கள் தென்னிலங்கையில் கடை நடத்தியவர்கள் அனுப்பிய பணத்திலும் தங்கியிருந்தன. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுக் கலவரங்கள் அந்த வருமானத்தையும் குலைத்தன. பின்னர் 1990 ஓகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையோடு ஊர்களே வெறுமையாயின.

கிணற்றிலிருந்து தொடங்கும் திட்டம்

தீவகத்தில் எத்திட்டமும் நீரிலிருந்தே தொடங்கவேண்டும். மாரி மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தால், உப்பு காலப்போக்கில் 40 அடி மேலேறும். ஆகவே ஒருவர் அளவுக்கு மீறி இறைத்தால் அயலவரின் கிணறும் உவராகும். மணற்பிட்டிகளில் மணல் அகழ்ந்தால் மழைநீரைத் தாங்கும் இடமே இல்லாமற் போகும். குளத்தையும் கேணியையும் தூர்த்தாலும் அதே விளைவுதான்.

நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றில் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெற, இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நல்லதே. ஆயினும் மின்சாரம் வந்தால் மின்மோட்டரும் வரும். எவ்வளவு நேரம், எத்தனை கிணற்றில் இறைக்கலாம் என்ற ஊர்க்கட்டுப்பாடும் உடன் வராவிட்டால், அதுவே நன்னீரைத் தீர்த்துவிடக்கூடும்.

வரைபடத்தில் விழும் கோடுகள்

நமது காணியின்மேல் ஏற்கெனவே சில கோடுகள் விழுந்துள்ளன. 1981 ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டிடம் முதலிய அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதி தேவை. நெடுந்தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

2025 மார்ச் 28 ஆம் திகதி வர்த்தமானியை மறக்கக்கூடாது. வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு 3 மாதத்துள் உரிமை கோரவேண்டும், இல்லையேல் அது அரச காணியாகும் என்றது அது. இந்தியாவில் முகாமில் இருப்பவர் 3 மாதத்தில் என்ன செய்வார்? எதிர்ப்பும் உயர் நீதிமன்ற வழக்கும் எழுந்தபின் அவ்வாண்டிலேயே அது மீளப்பெறப்பட்டது. அறிவித்தலை வாசித்துக் குரல் எழுப்பியவர்கள் இருந்தமையாலேயே அது நடந்தது.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று, உறுதிப் பத்திரம் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுங்கள். பதிவகத்துக்கு உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது எளிது.

இரண்டு, பங்குக் காணியாயின், வெளிநாட்டிலுள்ள சகோதரங்களின் சம்மதத்தை அற்றோணித் தத்துவம் மூலம் இப்போதே பெறுங்கள். தாய் தகப்பன் உயிரோடிருக்கையில் இலகுவானது, பேரப்பிள்ளைகள் காலத்தில் சிக்கலாகிவிடும்.

மூன்று, வேறொருவர் காணியை 10 ஆண்டுகள் எதிரிடையாக ஆட்சிசெய்தால் உரிமை கோர ஆட்சியுரிமைச் சட்டம் இடமளிக்கிறது. போர்க்காலத்தை அக்கணக்கிலிருந்து நீக்க வழிசெய்யும் விசேட சட்டம் 2016 இல் வந்தது. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்டறியுங்கள்.

நான்கு, ஊரவர் சேர்ந்து உங்கள் வட்டாரத்தின் நல்ல கிணறு, குளம், கேணி, வாய்க்கால், ஒழுங்கை யாவற்றையும் ஒரு தாளில் வரையுங்கள். முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்யவேண்டும். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு பிரதேச செயலகங்களிலும் பிரதேச சபைகளிலும் அபிவிருத்திக் கூட்டம் நடக்கும்போது அந்தத் தாளையும் கொண்டுசெல்லுங்கள்.

ஊரில் இல்லாதவரின் காணி வெறும் நிலமாகவே வரைபடத்தில் தெரியும். அதில் நமது கிணறும் குளமும் குறிக்கப்பட்டிருந்தால், திட்டம் போடுபவர் அவற்றைத் தாண்டிக் கோடு கீறுமுன் நம்மிடம் கேட்கவேண்டி வரும்.