குடற்கிருமிகளும் அழியா ரசாயனங்களும்

பயறு வகைச் செடிகளின் வேர்முண்டுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உதவும்படி மாற்றித் தருவதைக் குடியானவர்கள் அறிவார்கள். எருக்குழியில் தழையும் சாணமும் மக்கி உரமாவதும், மாடு தின்ற வைக்கோல் அதன் இரைப்பையில் செரிப்பதும் இத்தகைய நுண்கிருமிகளின் வேலையே. மனிதனுடைய குடலிலும் எண்ணிறந்த பாக்டீரியா வாழ்கின்றன. உடலை விட்டு எளிதில் நீங்காத சில ரசாயனங்களை இவை பற்றிக்கொண்டு வெளியேற்றக் கூடும் என்பது அண்மைக்கால ஆராய்ச்சிகளால் புலனாகியுள்ளது. அதன் பயனும் எல்லையும் இங்கு விளக்கப்படுகின்றன.

ரசாயனங்களின் தன்மை:— பி.எப்.ஏ.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் பொருள்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இவற்றில் கார்பனும் புளோரினும் மிக வலுவாகப் பிணைந்திருப்பதால் வெயில், மழை, சூடு, மண்கிருமி ஆகிய எவற்றாலும் இவை எளிதில் சிதைவதில்லை. நீரும் எண்ணெயும் ஒட்டாத தன்மை கருதி, ஒட்டாத சமையல் பாத்திரங்களின் பூச்சு, நனையாத துணி, தோல் பதனிடுதல், தீயணைக்கும் நுரை முதலியவற்றில் இவை பயன்பட்டு வந்தன. உடலிற் புகுந்த இவற்றுள் சிலவற்றின் அளவு பாதியாகக் குறைவதற்கே சில ஆண்டுகள் செல்லும். இவ்வகையைச் சேர்ந்த பி.எப்.ஓ.ஏ. என்பதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று 2023-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்தியது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின்படி பி.எப்.ஓ.எஸ். 2009-லும், பி.எப்.ஓ.ஏ. 2019-லும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

அனகாபுத்தூர்ப் பக்கத்து நிலைமை:— நெசவுக்குப் பேர்பெற்ற அனகாபுத்தூர் அடையாற்றின் கரையில் அமைந்துள்ளது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி ஜலம் திருநீர்மலையருகே அடையாற்றிற் கலந்து, பின்னர் இவ்வூர்ப் பக்கமாக ஓடுகின்றது. அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய், செம்பரம்பாக்கம் ஏரி ஆகிய மூன்றின் ஜலத்திலும் பி.எப்.ஏ.எஸ். பொருள்கள் கலந்திருப்பதைச் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர். இவை லிட்டருக்கு நானோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கைக் கொண்டு அளக்கப்படுபவை. அளவு சிறிதேயாயினும், உடலில் தங்கிச் சேர்வதால் இதனை அலட்சியம் செய்தல் கூடாது.

கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி:— இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரண் பாட்டீல் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் தமது ஆராய்ச்சி முடிவை 2025 ஜூலையில் வெளியிட்டனர். மனிதக் குடலிலுள்ள சில இன பாக்டீரியா, இந்த ரசாயனங்களைச் சில நிமிஷங்களுக்குள் நூற்றுக்கு 25 முதல் 74 பங்கு வரை தமக்குள் இழுத்துக்கொண்டதை அவர்கள் கண்டனர். அவ்வினங்களுள் ஒன்பதை எலிகளின் குடலிற் குடியேற்றியபோது, எலிகள் உண்ட ரசாயனத்தை அவை பற்றிச் சேர்த்தன. பின்னர் அது மலத்துடன் வெளியேறியது.

இதன் சிறப்பை அறிவதற்கு உடலின் ஒழுங்கை நோக்க வேண்டும். இத்தகைய ரசாயனம் பித்தத்தோடு குடலுக்கு வந்தாலும், அங்கிருந்து மீண்டும் இரத்தத்தில் உறிஞ்சப்படுகிறது. ஏற்றத்தில் இறைத்த நீர் மறுபடியும் கிணற்றிலேயே வடிவது போன்றது இது. பாக்டீரியா இடையில் நின்று அதைப் பிடித்துவைத்தால் அச்சுற்று அறுபடும். எனினும் மனிதரிடம் இது எவ்வளவு பயன் தரும் என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

இவ்வாராய்ச்சியில் முன்னிற்கும் பாக்டீராய்ட்ஸ் இனம் குடலில் காற்றின்றி வாழ்வது. பாலைத் தயிராக்கும் கிருமி வேறு இனம். ஆகவே மோர் மிகுதியாகப் பருகினால் இவ்விஷம் நீங்கிவிடும் என்று துணிந்துவிடலாகாது.

மதுரையில் கண்டது:— கிருமிகள் ஒரு விஷத்தைச் சிதைப்பது எப்பொழுதும் அனுகூலமே என்று கொள்வதற்கும் இடமில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேல்முருகன், இராமசாமி முதலியோர் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குச் சான்றாகும். மதுரை ஜில்லாக் கிராமங்களில் 3,080 பேரை அவர்கள் பரிசோதித்தனர். ஆர்கனோபாஸ்பேட் என்னும் பூச்சிமருந்துகளோடு அதிகம் பழகியவர்களிடையே நீரிழிவு மிகுந்து காணப்பட்டது. காரணத்தை ஆராயும்பொருட்டு, மானோகுரோட்டோபாஸ் மருந்தை எலிகளுக்கு 180 நாட்கள் சிறு அளவிற் கொடுத்தனர். குடற்கிருமிகள் அம்மருந்தைச் சிதைத்து அசிடிக் அமிலம் போன்ற பொருள்களாக்கின. அவற்றிலிருந்து உடல் சர்க்கரையை உற்பத்தி செய்து, இரத்தத்தில் சர்க்கரை பெருகியது. விஷம் மறைந்தும் அதன் கேடு வேறு வடிவில் நின்றது.

மலத்தோடு போனது எங்கே?:— உழவர் மிகவும் கவனிக்க வேண்டிய விஷயம் இதுவே. பி.எப்.ஏ.எஸ். பொருள்களைக் குடற்கிருமிகள் அழிப்பதில்லை, சுமந்து வெளியேற்றுகின்றன. அவை சாக்கடை வழியே சென்று, கழிவுநீரிலும் அதன் வண்டலிலும் தங்குகின்றன. அவ்வண்டலை எருவாக இட்ட நிலத்தின் பயிரிலும், அந்நிலத்துத் தீனியைத் தின்ற பசுவின் பாலிலும் அவை மீண்டும் தோன்றலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பல பண்ணைகள் இவ்வாறு கெட்டுப் போயின. பால் விற்க இயலாது தொழிலை இழந்தோரும் உண்டு. அதனால் அம்மாநிலம் 2022-ல் கழிவுவண்டலை நிலத்திலிடுவதையே சட்டத்தினால் தடுத்தது. ஆற்றோரத்துக் கீரைத் தோட்டங்களுக்கு இவ்வனுபவம் ஒரு பாடமாகும்.

செய்யத்தக்கவை:—

1. ஆலைக்கழிவோ சாக்கடையோ கலந்த ஜலத்தைக் கீரை, காய்கறிகளுக்குப் பாய்ச்சுதலும், கால்நடைகளுக்குக் காட்டுதலும் கூடாது.

2. நகரக் கழிவுவண்டலைப் பரிசோதனையின்றி வயலில் இடலாகாது. தொழுவுரமும் தழையுரமும் மேலானவை.

3. ஜலத்தைக் காய்ச்சுவதால் நோய்க்கிருமிகள் இறக்கும், பி.எப்.ஏ.எஸ். நீங்காது, நீர் வற்றுமளவுக்கு அது செறிவடையும். கரி வடிகட்டியும் ஆர்.ஓ. வடிகட்டியும் இதனைக் குறைக்கும். வடிகட்டியின் உட்பொருளைக் காலந்தவறாது மாற்றவேண்டும்.

4. பூச்சிமருந்து தெளிப்போர் கையுறையும் முகமறைப்பும் அணிந்து, காற்றடிக்கும் திசையறிந்து தெளித்து, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளிக்கவேண்டும். அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்கணக்கைச் சீட்டிற் கண்டபடி அனுசரிக்கவேண்டும். மருந்து டப்பாவில் ஜலமோ தானியமோ வைத்தல் ஆகாது.

5. கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை முதலிய நார்ச்சத்துள்ள உணவு குடற்கிருமிகளுக்கு நல்ல இரையாகும். இதனை விஷமுறிவு மருந்தாக எண்ணாது, நல்லுணவாகக் கொள்வதே முறை.

கிருமிகளை மருந்தாகக் கொடுக்கும் முயற்சி இனிமேல் பயன் தரக்கூடும். அது கைகூடினும், உடலிலிருந்து கழிந்தது ஆற்றிலும் எருவிலும் தங்கி மறுபடியும் உணவில் ஏறுமாயின் பெற்ற பயன் நில்லாது. ஆற்றையும் நிலத்தையும் மாசுபடாமற் காப்பதே முதற் சிகிச்சை என்பதைக் குடியானவர்களும் ஊராட்சியினரும் மனத்திற் கொண்டு நடப்பார்களாயின், அனகாபுத்தூர் போன்ற ஆற்றங்கரை ஊர்களின் பின்தலைமுறையினர் பெரிதும் நன்மையடைவர்.