பித்தளை வாத்தியம் பழகப் போகும் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

தரம் 6க்கு ஏறிய மகன் பாடசாலையிலிருந்து ஒரு கடிதத்துடன் வருகிறான். மேலைத்தேய வாத்தியக் குழுவில் சேர விரும்பும் மாணவர்கள் பெற்றோரின் கையொப்பத்துடன் பெயர் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. "என்ன வாத்தியம் மகன் எடுக்கப் போறீங்க?" என்று வாப்பா கேட்கிறார். "ட்ரம்பட்" என்று உடனே பதில் வருகிறது. மகனுக்கு வேறு பெயர் தெரியாது. உண்மையைச் சொன்னால் வாப்பாவுக்கும் தெரியாது.

கிருலப்பனை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று கொழும்பின் இந்தப் பக்கத்தில் வாழும் குடும்பங்களுக்கு இது புதிய காட்சியல்ல. பிள்ளைகள் ட்ரம்பட்டைக் கேட்பதற்குக் காரணமும் உண்டு. மார்ச் மாதம் வந்தால் பாடசாலைகளின் பெரிய கிரிக்கெட் போட்டிகள் தொடங்கிவிடும். 1879இல் ஆரம்பமான ரோயல் - தோமியன் போட்டி முதல் சிறிய ஊர்களின் போட்டி வரை, மைதானத்தில் 'பப்பரே' இல்லாமல் ஆட்டம் இல்லை. அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் மேலாகக் கேட்பது ட்ரம்பட்தான். ஆகவே பிள்ளையின் மனதில் பித்தளை வாத்தியம் என்றால் ட்ரம்பட் என்று பதிந்துவிடுகிறது.

ஆனால் பித்தளை வாத்தியங்கள் ஒரு குடும்பம். பொருத்தமில்லாததைக் கையில் எடுத்த பிள்ளை சில மாதங்களில் களைத்துப்போய், "எனக்கு இது வராது" என்று ஒதுங்கிவிடுகிறது. பிழை பிள்ளையிடம் இல்லை, தெரிவில் இருந்தது என்பதை வீட்டில் எவரும் சொல்வதில்லை. பதினொரு வயதில் மனதில் விழும் "எனக்கு வராது" என்ற சொல் வாத்தியத்தோடு நின்றுவிடுவதில்லை. கணிதத்துக்கும் வரும், ஆங்கிலத்துக்கும் வரும். ஆகவே கையொப்பமிடுமுன் பெற்றோர் சிறிது நேரம் ஒதுக்கி யோசிப்பது நல்லது.

உதடுதான் வாத்தியம்

பித்தளையால் செய்யப்பட்டதெல்லாம் பித்தளை வாத்தியம் அல்ல. அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் உரிமம் பெற்ற செக்ஸபோன் பளபளக்கும் பித்தளையால் ஆனது. என்றாலும் அது நாணல் சீவல் அதிர்ந்து ஒலிப்பதால் மரக் காற்று வாத்தியங்களோடு சேர்க்கப்படுகிறது. ட்ரம்பட் வகையில் அதிர்வது ஊதுபவரின் உதடு. மௌத்பீஸ் எனப்படும் சிறு கிண்ணத்தில் உதடுகளைப் பதித்து, மூடிய உதடுகளுக்கிடையே காற்றைச் செலுத்தினால் தேனீ இரைவது போல ஒரு சத்தம் வரும். குழாய் அந்தச் சத்தத்தைப் பெருக்கி அழகாக்கித் தருகிறது.

இந்த வழிமுறை நமக்கும் அந்நியமானதல்ல. தமிழரின் கொம்பும் எக்காளமும் இதே உதட்டு அதிர்வில்தான் ஒலிக்கின்றன. அரபியில் 'நஃபீர்' எனப்பட்ட நீண்ட நேரான எக்காளம் முஸ்லிம் ஸ்பெயினில் வழங்கியது. ஸ்பானிய மொழி அதே பெயரை 'அனஃபில்' என்று எடுத்துக்கொண்டது. இவற்றிலெல்லாம் ஒரு குறை இருந்தது: குழாயின் நீளம் மாறாததால் சில சுரங்களை மட்டுமே ஊத முடிந்தது. சாரணரும் கெடெற் மாணவரும் ஊதும் பியூகிளும் அப்படியே. ஸ்டோல்ட்ஸெல், ப்ளூமெல் என்ற இரு ஜேர்மானியர் 1818இல் வால்வுக்கு உரிமம் பெற்ற பின்னரே நிலைமை மாறியது. வால்வை அழுத்தினால் காற்று ஒரு மேலதிகக் குழாய்த் துண்டினூடாகச் சுற்றிப் போகும், நீளம் கூடும், சுரம் இறங்கும். மூன்று வால்வுகளை மாற்றி மாற்றி அழுத்தி எல்லாச் சுரங்களையும் பெறலாம்.

குடும்பத்தை அறிமுகம் செய்வோம்

ட்ரம்பட்டின் குழாயை நீட்டினால் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் வரும். எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். ஒலி கூர்மையானது; பிழை விட்டால் மறைக்க இடமில்லை. மௌத்பீஸ் சிறியதாகையால் உதட்டுத் தசை இறுக்கமாக வேலை செய்ய வேண்டும்.

கோர்னட் ட்ரம்பட்டின் தங்கை எனலாம். குழாய் நீளம் அதேதான். ஆனால் கூடுதலாகச் சுற்றப்பட்டிருப்பதால் கருவி கட்டையாக, உடலுக்கு அருகில் இருக்கும். சின்னக் கைகளுக்குப் பிடிக்க இலகு, ஒலியும் மென்மையானது. எட்டு, ஒன்பது வயதில் தொடங்கும் பிள்ளைக்கு ட்ரம்பட்டை விட இது உகந்தது.

ஃப்ரெஞ்ச் ஹோர்ன் வட்டமாகச் சுற்றப்பட்டது. அதன் குழாய் சுமார் மூன்றே முக்கால் மீற்றர். வால்வை இடது கை இயக்கும்; வலது கை மணி வாய்க்குள் இருக்கும். அதன் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருப்பதால் உதடு சற்றுப் பிசகினாலும் அடுத்த சுரம் வந்துவிடும். நல்ல செவியும் நிறைந்த பொறுமையும் உள்ள பிள்ளைக்கு ஏற்றது.

ட்ரொம்போனில் பொதுவாக வால்வு இல்லை. நீட்டி மடக்கும் குழாய்க்கு ஏழு நிலைகள். எந்த இடத்தில் நிறுத்துவது என்று காட்ட அடையாளம் எதுவும் கிடையாது, செவிதான் வழிகாட்டி. இஸ்லாமிய கீதம் பாடும்போது சுருதி பிசகாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு இது நன்றாகப் பிடிபடும். கை குட்டையான சிறுவருக்கு ஆறாம், ஏழாம் நிலைகள் எட்டாது. ஓரிரு வருடம் பொறுத்தால் எட்டிவிடும்.

யூபோனியமும் அதன் ஒல்லியான உறவான பரிட்டோனும் மடியில் வைத்து ஊதுபவை. குழாய் நீளம் ட்ரொம்போன் அளவே, ஏறத்தாழ 2.7 மீற்றர். மௌத்பீஸ் பெரியது, உதட்டுக்கு இடம் தாராளம். தொடங்குபவருக்கு விரைவில் நல்ல ஒலி கிடைக்கும் கருவி இது. பெயர் தெரியாத காரணத்தாலேயே பலர் இதைக் கேட்பதில்லை.

டியூபா எல்லோருக்கும் மூத்தவர். பெரிய வகையின் குழாய் ஐந்தரை மீற்றர் வரை நீளும். எடை பத்துக் கிலோவைத் தாண்டும். மெட்டு இதற்கு அரிதாகவே வரும். ஆனால் டியூபா நின்றால் முழுக் குழுவும் அத்திவாரமில்லாத வீடு போலாகிவிடும்.

பிள்ளையைப் பாருங்கள்

முதலில் பல். பாற்பல் விழுந்து முன்பற்கள் முழுமையாக முளைத்த பிறகே தொடங்க வேண்டும். பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைக்குச் சிறிய மௌத்பீஸ் உதட்டை அழுத்தி நோகச் செய்யும். யூபோனியம், ட்ரொம்போன் போன்றவை அத்தனை சிரமம் தராது. கம்பி போடும் எண்ணம் இருந்தால் பல் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இழுப்பு நோயுள்ள பிள்ளைக்கும் வைத்தியரின் ஆலோசனை அவசியம்.

அடுத்தது உதடு. 'தடித்த உதட்டுக்கு ட்ரம்பட் வராது' என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். தடித்த உதட்டுடன் அருமையாக ட்ரம்பட் ஊதிய கலைஞர்கள் உலகில் பலர் உண்டு. லூயி ஆம்ஸ்ட்ரோங் ஒருவரே போதும். தோற்றத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். இரண்டு அளவு மௌத்பீஸ்களை மட்டும் பிள்ளையிடம் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். எதில் சிரமமின்றி நீண்ட ஒலி வருகிறதோ அந்தப் பக்கம் போகலாம். ஐந்து நிமிடப் பரிசோதனை ஐந்து மாதக் கண்ணீரைத் தவிர்க்கும்.

மூன்றாவது சுபாவம். முன்னுக்கு நிற்க விரும்பும் பிள்ளைக்கு ட்ரம்பட் சரி. தனியே கேட்கப்படுவதற்குக் கூச்சப்படும் பிள்ளை, பத்துப் பேரோடு சேர்ந்து ஒலிக்கும் பரிட்டோனில் மலர்ந்துவிடும். இதில் ஆண், பெண் என்ற வேறுபாடும் இல்லை. மகள் டியூபாவைக் கேட்டால் சிரிக்காதீர்கள். அதற்குத் தேவை பலமல்ல, நிதானமான மூச்சு.

வீட்டையும் பாருங்கள்

கிருலப்பனைக் கால்வாய்க் கரை ஒழுங்கைகளிலும் தொடர்மாடிகளிலும் நமது வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. களனிவெளிப் புகையிரதம் ஒரு நிமிடத்தில் கடந்து போய்விடும். நம் பிள்ளையின் ட்ரம்பட் அப்படிப் போகாது. அயலவரின் உரிமையை நமது மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிள்ளை பழகப் போவதைப் பக்கத்து வீட்டாரிடம் முன்னரே சொல்லி, நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அஸருக்குப் பிறகு மஃரிபுக்கு முன் இருபது நிமிடம் போதுமானது. தினமும் இருபது நிமிடம், வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஊதுவதை விட மேலானது. உதட்டுத் தசை அப்படித்தான் வளரும். ஒலியடக்கி ஒன்று வாங்கினால் ட்ரம்பட்டின் சத்தம் பெரும் பங்கு குறையும். டியூபாவுக்கும் ஒலியடக்கி உண்டு. ஆனால் அது பெரியது, விலையும் கூட.

போக்குவரத்தும் ஒரு விடயம். காலையில் ஹைலெவல் வீதியால் வரும் 138 பஸ் வண்டியில் ட்ரம்பட் பெட்டியை மடியில் வைக்கலாம். யூபோனியம் பெட்டிக்கு ஓர் ஆசனம் வேண்டும். டியூபாவை ஏற்றவே முடியாது. பெரிய கருவியானால் பாடசாலையிலேயே வைத்துப் பழக வசதி உண்டா என்று பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

பணம்

2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது முதல் இறக்குமதிக் கருவிகள் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. ஆகவே முதல் நாளே வாங்க ஓட வேண்டாம். பாடசாலையின் கருவியில் மூன்று மாதம் பழகட்டும். வாங்க வேண்டியது மௌத்பீஸ் மட்டுமே. பலர் வாய் வைத்ததைப் பகிர்வது சுகாதாரத்துக்கும் நல்லதல்ல. சொந்த மௌத்பீஸை இளஞ்சூட்டு நீரில் கழுவிப் பத்திரப்படுத்தலாம்.

மலிவான கருவிகளில் இந்தியத் தயாரிப்புகளும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் ஜாலி கோட்டி என்ற பகுதி முழுவதும் பேண்ட் வாத்தியத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1885இல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனம் அங்கே இத்தொழிலின் முன்னோடி. பல தலைமுறையாக முஸ்லிம் கைவினைஞர்கள் அந்த நகரில் பித்தளையைத் தட்டி ஒலி கொடுத்து வருகிறார்கள். பாவித்த கருவி வாங்குவதானால் வால்வு தடையின்றி மேலெழுகிறதா, ட்ரொம்போன் குழாய் வழுக்குகிறதா, ஒட்டிய இடங்களில் காற்றுக் கசிகிறதா என்று பழகிய ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

வீட்டாரின் தயக்கம்

இசைக் கருவிகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையல்ல. தயக்கமுள்ள குடும்பத்தினர் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற்ற பின் கையொப்பமிடட்டும். ஒன்று மட்டும் அவசியம்: வேண்டாம் என்றால் காரணத்தைப் பிள்ளைக்கு அன்பாக விளக்குங்கள், சரி என்றால் அரை மனதோடு அனுப்பாதீர்கள். பயிற்சி நேரம் தொழுகை நேரத்தோடு மோதாதபடி ஆசிரியரிடம் பேசிக்கொள்வது கடினமல்ல. நோன்பு காலத்தில் தொண்டை வரளுமென்பதால் பயிற்சியைக் குறைத்து, நோன்பு திறந்த பின் சிறிது நேரம் மெதுவாக ஊதலாம்.

மாறவும் வழி உண்டு

பெற்றோர் பலர் அறியாத நல்ல செய்தி ஒன்று. கோர்னட், ட்ரம்பட், பரிட்டோன், யூபோனியம் ஆகிய நான்குக்கும் வால்வில் விரல் வைக்கும் முறை ஒன்றே. பிரித்தானிய பித்தளை வாத்தியக் குழு முறையில் இசைக் குறிப்பும் ஒரே விதமாக எழுதப்படுகிறது. ஆகவே கோர்னட்டில் தொடங்கிய பிள்ளை ஒரு வருடத்தின் பின் யூபோனியத்துக்கு மாறினால் கற்றது வீணாகாது. உதட்டைப் பழக்கிக்கொள்வதே மிச்ச வேலை. முதல் தெரிவு முடிந்த முடிவல்ல.

எனவே அந்தக் கடிதம் வந்தால் பொறுப்பாசிரியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குழுவில் எந்த வாத்தியத்துக்கு ஆள் குறைவு? பிள்ளைக்கு இரண்டு மூன்று மௌத்பீஸ்களை ஊதிப் பார்க்கக் கொடுப்பீர்களா? மூன்று மாதத்தின் பின் மாற்ற முடியுமா? பத்து ட்ரம்பட்டுக்கு நடுவே பதினோராவதாக நிற்பதை விட, காலியாக இருக்கும் யூபோனியத்தின் பின்னால் அமரும் பிள்ளைக்கு ஆசிரியரின் கவனம் கூடுதலாகக் கிடைக்கும். குழுவுக்குத் தான் தேவை என்ற உணர்வும் வரும். அந்த உணர்வோடு பழகும் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்ப உம்மா சத்தம் போட வேண்டியதில்லை.